மேற்படி!

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

பழைய நிலப் பத்திரங்களைப் பார்த்திருப்பவர்கள் அவற்றில் '௸' என்ற குறியையும் பார்த்திருப்பார்கள். 'மேற்படி' என்பதன் சுருக்கம் அது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் '௸ ஊர்', '௸யார்' என்று எழுதிக்கொண்டே போவது பத்திரம் எழுதுவோரின் வழக்கம். பக்கம் பக்கமாக எழுதிக் கை நொந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்! இன்று கணினியிலும் அக்குறிக்கு இடம் உண்டு. 2003ஆம் ஆண்டில் வந்த ஒருங்குறி 4.0 பதிப்பில் தமிழ் எழுத்துகளோடு அதுவும் சேர்க்கப்பட்டது.

ஆனால் ௸ ஒரு பெயரைத்தான் திரும்பச் சொல்லும். ஒரு செயலைத் திரும்பச் செய்யாது. 'சற்றுமுன் செய்தாயே, அதையே இங்கும் செய்' என்று கணினியிடம் சொல்வதற்கு ஒரு விசை வேண்டும் என்று நாங்கள் இவ்வாண்டு கேட்டோம். ஏன் கேட்டோம், எப்படிக் கேட்டோம், கேட்கப் போய் என்ன கற்றுக்கொண்டோம் என்பதை ஆண்டு மலர் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை கணினி உண்டு. இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். மொழியை இவ்வாண்டு படித்தோம். அதை எழுதும் மென்பொருளுக்கு 'எடிட்டர்' என்று பெயர். கணினிக்குள் இருக்கும் கட்டுரை நோட்டு என்று பெற்றோர் அதை வைத்துக்கொள்ளலாம். படித்ததைப் பயனுள்ள வேலை ஒன்றில் செய்துபார்க்க வேண்டும் என்று கணினி டீச்சர் விரும்பினார்கள். நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் உடனே ஒரு வேலை தந்தார்கள். பள்ளி நூலகத்திலுள்ள புத்தகங்களின் பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும். பதிவேட்டைப் பார்த்து, சிவப்பு மையில் 'டிக்' போட்டிருக்கும் புத்தகங்களை மட்டும் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். அவை பைண்டிங் செய்ய வேண்டியவை.

பட்டியலைத் தட்டச்சு செய்வது எளிதாகவே முடிந்தது. சிவப்பு 'டிக்' வேலைதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்க, அதன் முன்னும் பின்னும் 'பி' என்ற குறிச்சொல் வர வேண்டும். எங்கள் ஆய்வகத்து எடிட்டரில் அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. வரியின் தொடக்கத்துக்குப் போக ஒரு விசை. வரி முழுவதையும் தேர்ந்தெடுக்க, ஷிப்டோடு சேர்த்து ஒரு விசை. கட்டளைப் பெட்டியைத் திறக்க, மூன்று விசைகள் சேர்ந்த ஓர் அழுத்தம். கட்டளையின் பெயரில் 4 எழுத்துகள். பிறகு என்டர், 'பி', மறுபடி என்டர். ஆக ஒரு வரிக்கு 10 முறை அழுத்த வேண்டும். எங்கள் ஒவ்வொருவர் பங்குக்கும் 60 புத்தகங்கள் வந்தன. 600 அழுத்தங்கள்!

'எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே?' என்று கணினி தெரிந்த அண்ணன்மார் கேட்கக்கூடும். இருக்கிறது, ஆனால் எந்தப் புத்தகம் கிழிந்திருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாதே! அதைச் சொல்ல வேண்டியது பதிவேட்டைப் பார்க்கும் கண். நகலெடுத்து ஒட்டுவதும் பயன்படவில்லை. ஒட்டுவதால் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் இருபுறமும் அணைத்துக் கட்ட முடியாது. அந்தக் கட்டளைக்கென்று தனி விசை ஒன்றை ஒதுக்கலாம் என்று டீச்சர் சொன்னார்கள். அது இந்த வேலைக்குச் சரி. நாளை வேறு வேலை வந்தால் வேறு விசையை அல்லவா ஒதுக்க வேண்டும்? எங்களுக்கு வேண்டியது எந்த வேலைக்கும் பொருந்தும் ஒரே விசை: 'கடைசியாகச் செய்ததை மறுபடி செய்.'

இப்படி ஒரு விசை புதுமையானதன்று. எங்கள் பள்ளி அலுவலகத்தில் கட்டண விவரங்களைப் பார்க்கும் அக்கா, மைக்ரோசாப்ட் வேர்டிலும் எக்செலிலும் எஃப்-4 விசையை அழுத்தியே பாதி வேலையை முடிக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போய் எஃப்-4 அழுத்தினால் அதுவும் மஞ்சளாகிவிடும். ஆனால் எங்கள் ஆய்வகத்து எடிட்டரில் அதற்கு இணையான விசை இல்லை.

இங்கே எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை எழுதக்கூடாது, 'பாவம்' என்ற சொல் வரக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் எழுத அனுமதித்திருக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கையில் வலு இல்லை. வலது கையால் மட்டும் தட்டச்சு செய்வாள். எங்களில் சிலரைவிட வேகமாகவே செய்வாள். இரண்டு மூன்று விசைகளை ஒரே சமயத்தில் அழுத்துவதுதான் அவளுக்கு இயலாது. அதற்கு விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற வசதி இருக்கிறது. 1995இல் வந்த விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருந்துவருவது. ஷிப்ட் விசையைத் தொடர்ந்து 5 முறை அழுத்தி அதைத் தொடங்கினால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். ஆனால் எங்களுக்கு 10 அழுத்தங்களில் முடிவது அவளுக்கு 13 ஆகும். 60 புத்தகங்களுக்கு 780.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. கணினி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே கணக்குப் போட்டாள். வரியைத் தேர்ந்தெடுக்கும் வேலை எப்படியும் இருக்கும். அதன்பின் 'மேற்படி' விசை ஒன்று இருந்தால், முதல் வரிக்கு மட்டும் 13. மீதி 59 வரிகளுக்கும் நான்கு நான்கு. ஆக 249. எங்களுக்கோ முதல் வரிக்கு 10, மற்றவற்றுக்கு மும்மூன்று, ஆக 187. "உங்களுக்கு 413 மிச்சம், எனக்கு 531 மிச்சம். இந்த விசையால எனக்குத்தான் லாபம் ஜாஸ்தி. அதனால நானே கேட்கிறேன்" என்றாள்.

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பார்கள். எடிட்டரைத் தயாரிப்பவர்களுக்குப் பள்ளியின் சார்பில் கடிதம் எழுதுவது என்று வகுப்பில் முடிவாயிற்று. எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. எழுத உட்கார்ந்தபோதுதான் இது அழுதால் மட்டும் கிடைக்கும் பால் அன்று என்பது புரிந்தது. ஆங்கிலம் எடுக்கும் சிஸ்டர் கடிதத்தைத் திருத்தித் தருவதாகச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "கடைசிச் செயல், கடைசிச் செயல் என்கிறீர்களே, செயல் என்றால் என்ன?"

வகுப்பு அமைதியாகிவிட்டது.

'தாமரை' என்று தட்டச்சு செய்கிறோம். அது ஒரு செயலா, ஒவ்வோர் எழுத்தும் ஒரு செயலா? கர்சரைக் கீழ் வரிக்கு நகர்த்துகிறோம். அதுவும் செயல்தானே? அப்படியானால் அடுத்த வரிக்கு வந்து 'மேற்படி' என்றால், கணினி இன்னும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டு 'முடித்துவிட்டேன்' என்று நிற்குமே!

எங்களில் ஒருத்தி நல்லதொரு யோசனை சொன்னாள். 'அன்டூ' செய்தால் ஒருமுறையில் எது மறைகிறதோ அதுவே ஒரு செயல். 'அன்டூ' எடுத்துவிடுவதை 'மேற்படி' மறுபடி தர வேண்டும், அவ்வளவுதானே? எல்லோரும் கை தட்டினோம். ஆனால் நூலகப் பட்டியலை வைத்தே அதைச் சோதித்துப் பார்த்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. 'பொன்னியின் செல்வன்' என்ற வரியில் முதல் சொல்லை நீக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து எழுத்துகள் போயின. அடுத்த வரி 'சிவகாமியின் சபதம்'. இப்போது 'மேற்படி' என்றால் எது போக வேண்டும்? ஒரு சொல்லா, ஐந்து எழுத்துகளா? ஐந்து எழுத்துகள் என்று கணினி எடுத்துக்கொண்டால் 'ன் சபதம்' என்றொரு நாவல் எங்கள் நூலகத்துக்கு வந்து சேரும்!

சிரித்து ஓய்ந்த பிறகு டீச்சர் அதை விளக்கினார்கள். 'அன்டூ'வுக்கு என்ன நடந்தது என்பது தெரிந்தால் போதும். 'மேற்படி'க்கோ, செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதும் தெரிய வேண்டும். முன்னது விளைவை நினைவில் வைப்பது. பின்னது நோக்கத்தை நினைவில் வைப்பது. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் ஒரு விசைக்குள் இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் என்பவர் 1976இல் ஓர் எடிட்டரை எழுதத் தொடங்கினார். 'வி.ஐ.' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. அவர் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்தார். அந்த இணைப்பின் வேகம் 300 பாட். அதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகள். வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட திரை நிரம்புவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நிலையில் ஒவ்வோர் அழுத்தமும் விலையுயர்ந்தது அன்றோ? அந்த எடிட்டரில் முற்றுப்புள்ளி விசை ஒன்றே 'மேற்படி' ஆயிற்று. புள்ளியைத் தட்டினால், உரையில் கடைசியாகச் செய்த மாற்றம் மறுபடி நடக்கும்.

செயல் என்றால் என்ன என்பதற்கு அது தரும் விடை அழகானது. கர்சரை நகர்த்துவது செயல் அன்று. உரையை மாற்றுவதே செயல். எழுதத் தொடங்கியது முதல் 'எஸ்கேப்' விசையை அழுத்தும் வரை எழுதியதெல்லாம் சேர்ந்து ஒரே செயல். 'ஒரு சொல்லை நீக்கு' என்று கட்டளையிட்டிருந்தால் அடுத்த இடத்திலும் ஒரு சொல்தான் நீங்கும். அந்தச் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று அது எண்ணிக்கொண்டிருக்காது. அதே 1976இல் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனத்தில் பிறந்த 'ஈமேக்ஸ்' எடிட்டரிலும் இவ்வசதி இருக்கிறது. அதில் கன்ட்ரோலோடு 'எக்ஸ்', பிறகு 'இசட்' அழுத்தினால் கடைசிக் கட்டளை மறுபடி நடக்கும். அதற்குமேல் 'இசட்' ஒன்றையே தட்டிக்கொண்டிருந்தால் போதும்.

இவற்றைத் தேடிப் படித்தபோது எங்கள் மனத்தைத் தொட்ட இன்னொரு செய்தியும் கிடைத்தது. 'வி.ஐ.' எடிட்டரைப் பின்பற்றி, அதே புள்ளி விசையோடு, நெதர்லாந்து நாட்டுக்காரரான பிராம் மூலெனார் என்பவர் 'விம்' என்ற எடிட்டரை உருவாக்கி 1991இல் வெளியிட்டார். அதற்கு அவர் விலை வைக்கவில்லை. பயன்படுத்துவோரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். உகாண்டா நாட்டில் கிபாலே என்னும் பகுதியில், எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். எடிட்டரைத் திறந்தவுடன் அந்த வேண்டுகோள் கண்ணில் படும்படி செய்திருந்தார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் காலமானார். நிரல் எழுத உட்கார்ந்த எத்தனையோ பேர், வேலையைத் தொடங்குமுன் முகமறியாத குழந்தைகளைப் பற்றி ஒரு வரி படித்திருப்பார்கள் அல்லவா? கேட்பதிலும் ஒரு பெருமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடிதத்துக்கு வருவோம். தோழியின் கையைப் பற்றி அதில் எழுதுவதா, வேண்டாமா என்று வகுப்பில் இரண்டு கட்சிகள் ஆகிவிட்டன. எழுதினால் படிப்பவர் மனம் இளகும், விசை விரைவில் கிடைக்கும் என்றது ஒரு கட்சி. அவளுடைய சொந்த விஷயத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு எதற்கு எழுத வேண்டும் என்றது மறு கட்சி. இரண்டு கட்சியும் பேசிக் களைத்த பிறகு சிஸ்டர், "அவளைக் கேட்டீர்களா?" என்றார்கள்.

அவள் சற்று யோசித்தாள். "எழுதலாம். ஆனா கணக்கை மட்டும் எழுதுங்க. எங்களில் ஒருவர் ஒரு கையால் வேலை செய்கிறார். மற்றவருக்கு 10, அவருக்கு 13. அதோட நிறுத்திடுங்க. எனக்காகக் கேட்டா அது தர்மம் ஆயிடும். எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டா, அது எனக்கும் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியம் அப்படியே ஆங்கிலத்தில் கடிதத்தில் இடம்பெற்றது. சிஸ்டர் திருத்தாமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்!

நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதை முதல் பத்தியில் எழுதினோம். இருக்கும் வசதிகள் ஏன் போதவில்லை என்பதை இரண்டாம் பத்தியில் எழுதினோம். செயல் என்று நாங்கள் எதைக் கருதுகிறோம் என்பதை மூன்றாம் பத்தியில், 'சிவகாமியின் சபதம்' எடுத்துக்காட்டோடு எழுதினோம். அந்த விசை இரண்டு மூன்று விசைகளின் கூட்டாக இல்லாமல், ஒற்றை விசையாக வைத்துக்கொள்ளவும் இடம் இருக்க வேண்டும் என்று கடைசியில் வேண்டினோம். ஒன்றரைப் பக்கம். அதற்கு எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

வீடுகளில் இதைச் சொன்னபோது எல்லோரும் பாராட்டிவிடவில்லை. "விசையை அழுத்தக்கூடச் சோம்பலா?" என்று ஒரு பாட்டி கேட்டார்களாம். பாட்டி கேட்டதிலும் நியாயம் உண்டு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எங்களுக்கும் தெரியும். திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகும் வேலைகள் பல உண்டு. வாய்ப்பாடு அப்படி. வீணை அப்படி. கோலம் அப்படி. அவற்றை ஒரு விசைக்கு விட்டுக்கொடுக்க நாங்கள் தயாராக இல்லை. ஆனால் ஒரே கட்டளையை அறுபதாவது முறை அழுத்தும்போது கை புதிதாக எதையும் கற்பதில்லை. இம்போசிஷன் எழுதிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! அங்கே கவனம் இருக்க வேண்டிய இடம் பதிவேடு. எந்தப் புத்தகத்துக்குச் சிவப்பு 'டிக்' என்று பார்க்கும் கண்ணை விசைப்பலகை இழுத்துக்கொண்டே இருந்தால் வேலை எப்படிச் செம்மையாகும்?

கடிதத்துக்குப் பதில் வந்தது. நன்றி சொல்லி, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். கடைசிச் செயலை இப்போது கர்சர் நிற்கும் இடத்தில் செய்ய இயலாவிட்டால் எடிட்டர் என்ன செய்ய வேண்டும்? இடையில் 'அன்டூ' செய்திருந்தால் எது கடைசிச் செயல்? இரண்டையும் கரும்பலகையில் எழுதி ஒரு பாடவேளை முழுவதும் விவாதித்துப் பதில் அனுப்பியிருக்கிறோம். இக்கட்டுரையை எழுதும் இந்நாள் வரை விசை வரவில்லை. வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. எங்கள் கேள்விக்குப் பதிலாக நல்ல கேள்விகள் வந்ததே பெரிய மதிப்பு என்றார்கள் டீச்சர்.

நூலகப் பட்டியலைப் பழைய வழியிலேயே முடித்தோம். பைண்டிங் செய்ய வேண்டியவை தடித்த எழுத்தில் பளிச்சென்று தெரிகின்றன. தோழியின் 60 புத்தகங்களையும் அவளே செய்தாள். உதவிக்கு வந்தவர்களைப் பதிவேட்டைப் படித்துச் சொல்லும்படி உட்கார வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே! அடுத்த ஆண்டு நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வரும். பட்டியல் உங்கள் கைக்கு வரும். கடிதத்தின் நகலையும் நாங்கள் அனுப்பிய பதிலையும் ஆய்வகத்துக் கோப்பில் வைத்திருக்கிறோம். மறுபடி கேட்க வேண்டியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

விசை வந்துவிட்டால் அதை முதலில் அழுத்தும் உரிமை எங்கள் தோழிக்கே என்று வகுப்பில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "முதலில் நீங்க ஒரு வரியைச் செய்யுங்க. எனக்கு மேற்படி!" என்கிறாள்.